இருட்டாக விட்ட தண்ணீர்

ஏரி வீடு,
ஜூன் 14

அன்புள்ள வாத்தியாரே,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். கடைசிப் பகுதி படகுப் பயணம் என்று அறக்கட்டளைக்காரர்கள் சொன்னபோது நீ நம்பவில்லை. நிஜமாகவே படகுதான். துணிப்பெட்டியைக் காலடியில் போட்டுவிட்டு வர்ணப்பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தேன். படகோட்டி பார்த்துச் சிரித்தார். "பெட்டி தண்ணியில விழுந்தா எடுத்துக் குடுத்துடுவேன்மா. நீங்க விழாம இருங்க, அது போதும்" என்றார். தபால் கொண்டுவருபவரும் அவர்தான். சுற்றிலும் மலை என்பதால் இங்கே போனில் சிக்னல் கிடைப்பதில்லை. அதனால் இந்த ஒரு வருஷமும் நமக்குக் கடிதம்தான். காலேஜில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே சீட்டு எழுதியவர்கள்தானே, பழகிவிடும்.

வீடு என்றால் ஒரே ஓர் அறை. ஏரியைப் பார்த்து அகலமான ஜன்னல். மேஜை முழுக்க முன்பு வந்து தங்கிய ஓவியர்கள் சிந்திய வர்ணப் பொட்டுகள். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பிறகு எனக்கே துடைக்க மனசு வரவில்லை. மழை, இலையுதிர்வு, பனி, வெயில் என்று பருவத்துக்கு ஒன்றாக நான்கு படங்கள் கொடுக்க வேண்டும். அறக்கட்டளைக் கூடத்தின் நான்கு சுவரிலும் மாட்டுவார்களாம்.

மழை ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் பிரஷைத் தொடவில்லை. எதிர்க்கரை மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்கிவந்த பச்சை ட்யூபுகள் எல்லாம் அதன் முன்னால் பிளாஸ்டிக் வாளி மாதிரி நிற்கின்றன. பாறையோரத்துப் பச்சையில் கறுப்பு கலந்திருக்கிறது, புல்லின் பச்சையில் மஞ்சள். மழை விட்டதும் கொஞ்ச நேரம் எல்லாப் பச்சையிலும் ஒரு நீலம் வந்துவிட்டுப் போகிறது. அதைப் பிடிப்பதற்குள் அடுத்த மழை.

இங்கே ஒரு வருஷம் தங்கி வரைய நாம் இரண்டு பேரும்தான் விண்ணப்பம் போட்டோம். எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை. இதுவே மாறி நடந்திருந்தால் நான் உன்னை அனுப்பிவிட்டு வாசலில் நின்று அழுதிருப்பேன். நீ சிரித்துக்கொண்டே எனக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வாலு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அவளுக்கு நூறு முத்தம்.

உன்,
பென்சில்


வீடு,
ஜூன் 27

அன்புள்ள பென்சிலுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மகள் சாப்பிடுகிறாள். முதல் நாள் நான் போட்ட இரட்டைப் பின்னலில் ஒன்று காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குக் கீழேயும் இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். இப்போது தேறிவிட்டேன்.

பச்சை பச்சையாக எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்த பச்சை வகுப்பறைக் கரும்பலகையின் பச்சைதான். இந்த வாரம் ஆறாம் வகுப்புக்குப் பூந்தொட்டி. போன வாரம் ஏழாம் வகுப்புக்குப் பூந்தொட்டி, நிழலோடு. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வரைந்த பூந்தொட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் உன் எதிர்க்கரை மலை அதற்குக் கீழே நிற்கும்.

சிரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். வாலு பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்காமல் என்ன செய்வது?

படகோட்டி சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு என்ன வயது?

உன்,
வாத்தியார்


ஏரி வீடு,
ஆகஸ்ட் 9

அன்புள்ள வாத்தியாரே,

படகோட்டியிடமே வயதைக் கேட்டுவிட்டேன். "எதுக்கும்மா, என்னைப் படம் போடப் போறீங்களா?" என்றார். "இல்லைங்க, எங்க வீட்டுக்காரர் கேட்டிருக்காரு" என்றேன். துடுப்பை நிறுத்தி யோசித்துவிட்டு, "இருபத்தஞ்சுன்னு எழுதுங்க. வயித்தெரிச்சல் படட்டும்" என்றார். அவருக்குப் பேரன் கல்யாணத்துக்கு நிற்கிறான்.

மழைப் படம் முடிந்தது. இங்கே தாள் காய்வதே இல்லை. நீர்த்த வர்ணத்தை ஒரு பூச்சுப் பூசிவிட்டுக் காத்திருந்தால் அது தன் பாட்டுக்கு ஊறி, நான் மரம் என்று விட்ட இடத்தில் புகுந்து மேகமாகிவிடுகிறது. முதலில் தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒருநாள் ஜன்னலில் பார்த்தால் மழையும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து வருகிறது. முதலில் மலை போகிறது, பிறகு கரை மரங்கள், கடைசியில் கட்டிப்போட்ட படகு. நான் ஏன் மரத்தைக் காப்பாற்றப் பாடுபட வேண்டும்? ஊறட்டும் என்று விட்டேன். அன்றைக்குத்தான் படம் வந்தது.

அதற்கு முன்னால் போட்ட சிறிய மாதிரி ஒன்றை இதோடு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல். உன்னைவிட யாரிடம் கேட்பேன்?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் இங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அது எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன்,
பென்சில்


வீடு,
செப்டம்பர் 6

அன்புள்ள பென்சிலுக்கு,

படம் நன்றாக இருக்கிறது.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். இனிக் குறைகளைச் சொல்கிறேன். முன்புறம் காலியாக இருக்கிறது, ஒரு படகாவது நிறுத்தியிருக்கலாம். தண்ணீர் செத்துக் கிடக்கிறது. எவ்வளவு மழை என்றாலும் தண்ணீரில் ஒரு கீற்று வெளிச்சம் இருந்தால்தான் அது தண்ணீர். வர்ணம் காய்ந்த பிறகு பிளேடு நுனியால் ஒரு கோடு கீறிவிட்டால் போதும். அடியில் இருக்கும் தாளின் வெள்ளை எட்டிப் பார்க்கும், ஏரி கண் விழித்துக்கொள்ளும். என் வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தை ஆசிரியர் அறையில் என் மேஜைமேல் வைத்திருந்தேன். பாட்டு டீச்சர் வந்து கையில் எடுத்தவர் வைக்கவே இல்லை.

"யார் சார் வரைஞ்சது? பார்த்தாலே குளிருது."

"என் மனைவி."

"அப்படியா! நீங்க இந்த மாதிரியெல்லாம் வரைய மாட்டீங்களா சார்?"

மணி அடித்தது. எட்டாம் வகுப்புக்குப் போய் பூந்தொட்டி வரைந்தேன்.

காலையில் யாரும் கூப்பிடாதது பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் ஏன் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்? இங்கே என்னைக் கூப்பிட்டபடியே இருக்கிறார்கள், அது எனக்கும் மிகவும் பிடித்திருக்கிறது.

அக்டோபர் விடுமுறைக்கு நானும் வாலுவும் அங்கே வருகிறோம். உன் மலையை நானும் பார்க்க வேண்டும்.

உன்,
வாத்தியார்


ஏரி வீடு,
செப்டம்பர் 29

அன்புள்ள வாத்தியாரே,

வாருங்கள் வாருங்கள்! ஒரே கட்டில்தான், தரையில் படுத்துக்கொள்ளலாம். வாலுவுக்கு ஸ்வெட்டர், எனக்குக் கனமான தாள், உனக்கு உன் வர்ணப்பெட்டி எடுத்துவா. சேர்ந்து வரைவோம்.

நல்ல நேரத்தில்தான் வருகிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் மேற்கே இரண்டு முகடுகள் இருக்கின்றன, நடுவில் ஓர் இடைவெளி. அக்டோபர் நடுவில் சில நாட்களுக்கு மட்டும் சூரியன் சரியாக அந்த இடைவெளியில் இறங்குமாம். அப்போது எதிர்க்கரை மலையின் இடுப்புவரைக்கும் வெயில் விழும். இலைகள் எல்லாம் பழுத்து நிற்கிற சமயம் வேறு. படகோட்டி சொன்னார்: "மலைக்குத் தீ வெச்ச மாதிரி இருக்கும்மா. ஆனா ஏரி மட்டும் இருட்டா கெடக்கும். இந்தப் பக்கத்து முகட்டோட நிழல் அதுமேலதானே விழுது." அதுதான் என் இரண்டாவது படம்.

நீ சொன்ன குறைகளைப் படித்தேன். முன்புறம் காலி என்பது சரி. ஆனால் மழையில் இந்த ஏரியில் வெளிச்சக் கீற்று எதுவும் இல்லை வாத்தியாரே. இல்லாததை எப்படிப் போடுவது?

உன்,
பென்சில்


வீடு,
அக்டோபர் 26

அன்புள்ள மேடம்,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வாலுவுக்குக் கொஞ்சம் ஜலதோஷம், ஆனால் வாய் ஓயவில்லை. பார்ப்பவர்களிடம் எல்லாம், "எங்கம்மா மலைக்குப் பக்கத்துல இருக்காங்க, எங்கப்பா ஸ்கூலுக்குப் பக்கத்துல இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் இலையுதிர்வுப் படம் மிக மிக நன்றாக இருக்கிறது. மனதாரச் சொல்கிறேன்.

ஏன் நான் வர்ணப்பெட்டியைத் திறக்கவேயில்லை என்று நாங்கள் படகில் ஏறும்போது கேட்டாய். நான் தலைவலி என்றேன். சொல்லிவிடுகிறேன், கேள். வந்த மறுநாள் சாயங்காலம் உனக்கு டீ கொண்டுவந்தேன். நீ ஜன்னலோரம் நின்று வரைந்துகொண்டிருந்தாய். பக்கத்தில் நின்றேன். "டீ" என்றேன். திரும்பவில்லை. கோப்பையை வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். அந்த மலையை நீ பார்த்த மாதிரி என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட. அன்று புகைப்படக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

படகோட்டியாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். மலையோடு என்ன சண்டை போடுவது? டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. நானே குடித்தேன்.

சரி, விடு. உடம்பைப் பார்த்துக்கொள். பனிக்காலம் வருகிறது.

உன்,
வாத்தியார்


ஏரி வீடு,
நவம்பர் 19

வாத்தியாருக்கு,

அறக்கட்டளைச் செயலாளர் அம்மா நேற்று வந்தார். படங்களைக் காட்டினேன். இலையுதிர்வுப் படத்தை நீங்கள் இருந்தபோதே முடித்து, மெல்லிய காகிதம் சுற்றிப் பலகைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அவர் முன்னால்தான் பிரித்தேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் தொடாமல் சுட்டிக்காட்டி, "இந்த ஒரு கோடு இருக்கு பாருங்க, தண்ணியில, இதுதான் படத்தையே தூக்கி நிறுத்துது. எப்படித் தோணிச்சு உங்களுக்கு?" என்றார். 

நான் குனிந்து பார்த்தேன். ஏரியின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பிளேடு நுனியால் கீறியது. இடப்பக்கம் அழுத்தம், வலப்பக்கம் போகப் போக மெலிந்து இரண்டு இடத்தில் விட்டு விட்டுத் தொடர்கிறது. காலேஜில் முதல் வருஷத்திலிருந்து எனக்குத் தெரிந்த கை.

"எனக்குத் தோணலைங்க" என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

அவர் போன பிறகு படத்தை ஜன்னலில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தத் தண்ணீரை இருட்டாக விட நான் எத்தனை தாளை வீணாக்கினேன் என்று உனக்குத் தெரியும், குப்பைக்கூடையைப் பார்த்தாய். நீலத்தின் மேல் பழுப்பு, அதன் மேல் மறுபடி நீலம். மேலே மலை எரிகிறது, கீழே ஏரிக்கு அது தெரியவே தெரியாது. அதுதான் நான் பார்த்தது, அதுதான் படம். வாலுவும் நானும் படகோட்டியோடு அக்கரைக்குப் போன மதியமா? தலைவலி என்று சொல்லிவிட்டு நீ வீட்டில் இருந்தாயே, அன்றைக்கா?

என் தலைமுடியை நான் தூங்கும்போது யாரோ வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

ஏன் செய்தாய் என்று மட்டும் எழுது.

(கையெழுத்துப் போட மனசில்லை)


வீடு,
நவம்பர் 28

அன்புள்ள பென்சிலுக்கு,

ஆமாம், நான்தான். அந்த மதியம்தான்.

நீ கோபமாக இருக்கிறாய், இருக்க வேண்டியதுதான். ஆனால் செயலாளர் அம்மா சொன்னதை எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். மறைக்க மாட்டேன். "இதுதான் படத்தையே தூக்கி நிறுத்துது." எத்தனையோ வருஷம் கழித்து என் கையை ஒருவர் பாராட்டியிருக்கிறார். யார் கை என்று தெரியாமலே பாராட்டியிருக்கிறார், அதனால் அது முகத்துக்காகச் சொன்னதும் இல்லை. அன்று வகுப்பில் பையன்கள் எல்லாம், "சார் இன்னிக்கு நல்ல மூடுல இருக்காரு" என்றார்கள்.

ஏன் செய்தேன் என்றால், கை பழக்கம். நாள் முழுக்க அடுத்தவர் படத்தைத் திருத்துகிற கை. இன்னொரு தடவை பார்க்கத்தான் காகிதத்தைப் பிரித்தேன், பிளேடு பக்கத்தில் இருந்தது. கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. இன்னும் நன்றாக்கலாம் என்றுதான் நினைத்தேன். நன்றாகத்தான் ஆகியிருக்கிறது, நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இதை நாம் இருவரும் சேர்ந்து வரைந்தது என்று வைத்துக்கொள்ளேன். உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் சின்னதாகப் போடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? அந்தக் கூடத்தில் நான்கு சுவர் இருக்கிறது. ஒரு சுவரின் ஓரத்தில் எனக்கு ஒரு விரலளவு இடம் கொடுத்தால் உன் மலை சரிந்துவிடுமா?

யோசித்து எழுது.

உன்,
வாத்தியார்


வீடு,
ஜனவரி 5

அன்புள்ள பென்சிலுக்கு,

பதில் இல்லை. வாலுவுக்கு மட்டும் கடிதங்கள் வருகின்றன. கவரில் அவள் பெயர். நான் பிரிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நீ நல்ல கெட்டிக் கவராகத்தான் வாங்கியிருக்கிறாய்.

"அம்மா உனக்கு ஏன் எழுதறதில்லை?" என்று கேட்டாள்.

"அம்மா படத்துல நான் ஒரு கோடு போட்டுட்டேன்."

"அழிச்சிடு."

"அழிக்க முடியாதுடா. கீறினது."

"அழிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே போட்டே?"

தலையைப் பின்னிக்கொண்டிருந்தேன். பின்னலை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன்.

பெயர் போடச் சொன்னது தப்பு. அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இங்கேயும் பனிதான். காலையில் எதிர்வீடு தெரிவதில்லை. உன் ஏரியில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாலுவிடம் நீ எழுதியிருப்பாய். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். "அது எனக்கு எழுதினது" என்கிறாள்.

உன்,
வாத்தியார்


வீடு,
பிப்ரவரி 8

பென்சில்,

திட்டியாவது எழுது.

வாத்தியார்


ஏரி வீடு,
மார்ச் 2

வாத்தியாருக்கு,

போன வாரம் சூரியன் அந்த இடைவெளிக்குத் திரும்பி வந்தது. குளிர்காலம் முழுக்கத் தெற்கே போயிருந்துவிட்டுத் திரும்பும்போது மறுபடி அந்த வழியாகத்தான் போகும் என்று படகோட்டி சொல்லியிருந்தார். தாளை விரித்து, தண்ணீர் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். வெயில் மலையின் இடுப்பில் விழுந்தது, ஏரி இருட்டாகக் கிடந்தது. எல்லாம் அப்படியே. ஆனால் மரங்களில் ஓர் இலை இல்லை. வெறும் குச்சிகளில் சாம்பலும் லேசாக ஒரு ரோஸும். அதுவும் அழகுதான். ஆனால் அது வேறு.

அன்றைக்கே செயலாளருக்கு எழுதிவிட்டேன். இலையுதிர்வுப் படம் முழுக்க என்னுடையது இல்லை, அதைக் கொடுக்க முடியாது, அடுத்த அக்டோபரில் வரைந்து தருகிறேன் என்று. காரணம் எழுதவில்லை. படகில் வந்து பேசிவிட்டுப் போனார். "ஒரு சுவர் காலியா இருக்கும், அவ்வளவுதானே. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஜூனில் இந்த வீட்டுக்கு வேறு ஓவியர் வருகிறார், மே நடுவிலேயே காலி செய்துவிட வேண்டும். படகோட்டியின் கொட்டகைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. அங்கே இருக்கப் போகிறேன். இலை பழுக்கும்வரை வீட்டுக்கு வரமாட்டேன். நீ கீறிய கோட்டுக்கு ஒரு வருஷம் நீளம்.

படத்தை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீயே வைத்துக்கொள். உன் பெயரையே போட்டுக்கொண்டாலும் சரி.

பனிப் படம் முடிந்தது. அதைப் பற்றி உனக்கு எழுதத் தோன்றவில்லை. எனக்கு வருத்தமாக இருப்பது அதுதான். நல்லதாக எதைப் பார்த்தாலும் இதை வாத்தியாரிடம் சொல்ல வேண்டும் என்று ஓடிவந்து கொண்டிருந்தவள் நான்.

கோடை விடுமுறைக்கு வாலுவை அனுப்பிவை.

பென்சில்


வீடு,
ஏப்ரல் 11

அன்புள்ள பென்சிலுக்கு,

படம் வந்தது. பெயர் போடவில்லை. கூடத்தில் மாட்டினேன். முதல் நாள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன், கோடு நன்றாகத்தான் இருந்தது. பாட்டு டீச்சரைக் கூட்டிவந்து காட்டலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு கேவலமானவன் நான்.

சாப்பிடும்போது வாலுவைக் கேட்டேன்.

"அன்னிக்கு நிஜமாவே ஏரி எப்படிடா இருந்துச்சு?"

"கருப்பா இருந்துச்சு. நான்கூட பயமா இருக்குன்னு சொன்னேனே." 

"எங்கயாவது வெள்ளையா கோடு மாதிரி?"

"இல்லப்பா. ஏன், நீயும்தானே அங்க நின்னே? நீ பார்க்கலையா?"

நான் பார்க்கவில்லை. அங்கே இருந்த அத்தனை சாயங்காலமும் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, உன் தாளையும் உன் முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மலை எரிந்ததை நான் உன் படத்தில்தான் பார்த்தேன். என் வகுப்பில் எல்லாத் தண்ணீருக்கும் போடுகிற கோட்டை உன் தண்ணீருக்கும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கை பழக்கம் என்று எழுதினேன். பொய். உன்மேல் பொறாமை. உனக்கு அந்த வீடு கிடைத்தது என்றுகூட இல்லை, அங்கே போய் நீ இன்னும் நன்றாக வரைந்தாயே என்று. மோசமாக வரைந்திருந்தால் எவ்வளவு அன்பாக இருந்திருப்பேன் தெரியுமா?

வாலுவை பதினெட்டாம் தேதி அனுப்புகிறேன். நான் கரை வரைக்கும் வந்து படகில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்தக் கரையிலேயே.

வாத்தியார்


கொட்டகை மாடி,
மே 20

வாத்தியாருக்கு,

வாலு நன்றாக இருக்கிறாள். தலை பின்னக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா மாதிரி இறுக்கிப் பின்னும்மா, இது லொடலொடன்னு இருக்கு" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. உன்மேல் எனக்கும் பொறாமை வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. ராத்திரி அவள் தூங்கிய பிறகு அந்தப் பின்னலை அவிழ்த்து என் இஷ்டத்துக்குக் கட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். செய்யவில்லை.

வெயில் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏரி சுருங்கி, கரையெல்லாம் சேறு வெடித்துக் கிடக்கிறது. மலை வெளிறி, தொட்டால் மாவாக உதிரும் போல. யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். மத்தியான வெளிச்சத்தில் நிழலே இல்லாமல் அது நிற்கிற நிலை எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்தேன். பதில் எழுத எதுவும் இல்லை. படித்தேன் என்று தெரிந்தால் போதும்.

பென்சில்


கொட்டகை மாடி,
அக்டோபர் 22

அன்புள்ள வாத்தியாரே,

இந்த வருஷம் வெயில் வரவில்லை.

இலைகள் பழுத்தன. பத்து நாளைக்கு முன்னாலிருந்தே தாள், தண்ணீர், எல்லாம் தயார். மேகம் வந்து மேற்கு முகட்டின் மேல் உட்கார்ந்தது. நாளைக்குக் கலையும், நாளைக்குக் கலையும் என்று தினமும் ஜன்னலில் நின்றேன். சூரியன் அந்த இடைவெளியில் இறங்கியதும் தெரியாது, அதைத் தாண்டிப் போனதும் தெரியாது. ஒரு வருஷம் இதற்காகத்தான் இருந்தேன். கடைசி நாள் படகோட்டி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் வேணா மேகத்துக்கிட்ட பேசிப் பார்க்கட்டுமா?" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்புறம் அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். மலை எரியவில்லை. நனைந்த இலைகள், தேய்க்காத செம்பு போல, ஒவ்வொன்றும் தன் நிறத்திலேயே, வெயிலிடம் கடன் வாங்காமல். ஏரியோ முழுக்க வெளுத்திருந்தது, மேகத்தை அப்படியே வாங்கிக்கொண்டு. இந்த முறை நீயே வந்திருந்தாலும் கோடு போட இடம் கிடைத்திருக்காது. இரண்டு நாளில் வரைந்து முடித்தேன். செயலாளருக்கு அனுப்பிவிட்டேன். போன வருஷத்துப் படத்தைவிட நல்லதா என்று தெரியவில்லை. ஆனால் முழுக்க நான்.

வாத்தியாரே, மேகத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், பழையபடி கொதிக்கவில்லை, ஆனால் அடியில் கிடக்கிறது. மன்னித்துவிட்டாயா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

ஒரு நிபந்தனை. நம் வீட்டு மாடி அறையில் இனி நான் மட்டும் வரைவேன். அதற்கு ஒரு பூட்டு வேண்டும். சாவி என்னிடம் இருக்கும். முடியாது என்றால் எழுதிவிடு, படகோட்டி இந்த அறைக்கு வேறு ஆள் பார்க்கவில்லை.

பென்சில்


வீடு,
அக்டோபர் 27

அன்புள்ள பென்சிலுக்கு,

கடிதம் வந்த அன்றே தச்சரைக் கூட்டிவந்தேன். மாடி அறைக் கதவுச் சட்டத்தைச் செதுக்கிக்கொண்டே கேட்டார்:

"உள்ள என்ன சார் வைக்கப் போறீங்க? நகை கிகையா?"

"என் மனைவி உள்ள உட்கார்ந்து படம் வரைவாங்க."

"அதுக்கு எதுக்கு சார் பூட்டு? வீட்டுல திருடன் வரப்போறானா?"

"வெளியில நான் இருக்கேன்ல" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாலு மட்டும் சிரிக்கவில்லை, இழுத்துப் பார்த்து, "நல்லா பூட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேய்க்காத செம்பு என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் வயிறு எரிந்தது. பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லி உன்னை வரவழைக்க மாட்டேன். அது இருக்கிறது. என்னோடு எழுந்து, என்னோடு பள்ளிக்கூடம் வருகிறது. நீ அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகும்போதெல்லாம் நான் கூடத்தில் உட்கார்ந்து உள்ளே என்ன வந்துகொண்டிருக்கிறதோ என்று வெந்துகொண்டிருப்பேன். நீயாகத் திறந்து கூப்பிட்டால் வருவேன். இல்லையென்றால் சமையலைப் பார்ப்பேன்.

பூட்டோடு இரண்டு சாவி கொடுத்தார்கள். இரண்டையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

வாத்தியார்